நின்றால் நடுங்கும் வண்டி

எங்கள் ஒர்க்‌ஷாப் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. யாரும் என்னை நீக்கவில்லை, நானும் விலகவில்லை. போன வாரம் ரமேஷ் அதில் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "கஸ்தூரி அக்கா, ஒரு வண்டி சிக்னல்ல நின்னா உதறுது. ஓடும்போது ஒண்ணும் இல்ல. டேங்க்ல இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டில் ஊத்தி அனுப்பிடலாமா?"

"காலையில வண்டி ஆறியிருக்கும்போது எப்படி இருக்குன்னு பார்த்தியா?" என்று மட்டும் பதில் போட்டேன். அதற்கு மேல் அங்கே எழுத முடியவில்லை. எழுதினால் ஒரு மனிதரைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். ராயப்பேட்டையில் அந்த ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு, விட்டபோது ஐம்பத்தெட்டு. முதல் சில வருஷங்கள் ஆயில் மாற்றுவது, பிரேக் கழற்றி மாட்டுவது என்றே போயின. பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு விரல் நகங்களைப் பார்த்தார்கள். பிறகு அப்பா போனார், தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று, நானும் அம்மாவும் நங்கநல்லூர் வீட்டில் தங்கிவிட்டோம். இதையெல்லாம் வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு வேலை பிடித்திருந்தது. ட்யூனிங் பகுதிக்கு மாற்றியபிறகு இன்னும் அதிகமாகப் பிடித்தது.

அங்கே ஃபோர்மேன் இப்ராஹிம் பாய். ஒல்லியானவர். சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச், காதோரம் ஒரு பென்சில். குரல் உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்க மாட்டார். இன்ஜினை ஓடவிட்டு, இடது உள்ளங்கையை மட்கார்டின் மேல் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நிற்பார். ஒரு நிமிஷம், சில சமயம் இரண்டு நிமிஷம். வண்டிக்காரர் ஏதாவது சொல்ல வந்தால் வலது கையை மெல்ல உயர்த்துவார். பிறகுதான், "சொல்லுங்க சார், இன்னா பண்ணுது?" என்பார்.

வண்டி ஓடாமல் நிற்கும்போது இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறதே, அதை ஐடில் என்போம். அது சீராக இல்லாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும், சீட் நடுங்கும். காரணம் பத்து இருக்கலாம். பாய் அதற்கு ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் தீப்பொறி தருகிற ப்ளக். பிறகு காற்றுக்குழாய்கள், அவற்றின் மூட்டுகள். பிறகு காற்றைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில். எல்லாம் பார்த்தபிறகுதான், பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரில் அடைப்பு என்று முடிவுசெய்து கிளீனர் பாட்டிலை எடுக்கலாம்.

"பாட்டில நான் வேணாம்னு சொல்லல," என்பார். "நல்ல சரக்குதான். ஆனா ஓட்ட கீற எடத்துல மருந்து ஊத்துனா ஓட்ட மூடாது."

ஜாப் கார்டிலும் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. செய்ததை எழுதினால் போதாது. பார்க்காமல் விட்டதையும் எழுத வேண்டும். "அடுத்த கைல போறப்ப அவனுக்குத் தெரியணும்ல" என்பார்.

பதினாறு பதினேழு வருஷம் முன்னால் ஒரு காலையில் அந்த வெள்ளை கார் வந்தது. ஓட்டி வந்தவர் ஸ்ரீதரன். கல்லூரியில் கணக்கு வாத்தியார். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்கு மேற்கே வீடு. பின் சீட்டில் அவருடைய அப்பா, எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், மடியில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"நின்னா நடுங்கறது," என்றார் ஸ்ரீதரன். "ஒரு வருஷமா எடுக்கவே இல்ல. இப்போ அப்பாவை வாரம் மூணு நாள் அடையாறுக்கு டயாலிசிஸுக்கு அழைச்சுண்டு போகணும். அதான் எடுத்தேன்."

"ஏன் சார் எடுக்கல?"

"என் ஆத்துக்காரியோட வண்டி. அவதான் ஓட்டுவா. அவ போனப்புறம் அப்படியே நின்னுண்டிருந்தது."

பின் சீட்டிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நீதான் இந்த வண்டிக்கு டாக்டரா? எனக்கு ஒரு டாக்டர் இருக்கான், மூஞ்சியக் காட்டவே மாட்டேங்கறான். நீயாவது நின்னு பேசறே."

அன்று பாயின் வரிசைப்படி எல்லாம் பார்த்தேன். ப்ளக்குகள் சரி. காற்றுக்குழாயில் கசிவில்லை. ஒரு வருஷமாக நின்ற பெட்ரோல் பிசுக்காகி இன்ஜெக்டரில் படிந்திருந்தது. இதற்குத்தான் பாட்டில். பழைய பெட்ரோலை வடித்தேன். காலி டேங்கில் முதலில் கிளீனரை ஊற்றி, அதன் மேல் புது பெட்ரோலை நிரப்பினேன், இரண்டும் நன்றாகக் கலக்கும் என்பதற்காக. ஊற்றிவிட்டு ஊருக்குள் உருட்டினால் பயனில்லை. நீண்ட சாலையில் ஒரு கியர் குறைத்துப் போட்டு, இன்ஜினைக் கொஞ்சம் வேகமாகவே ஓடவிட்டு, முக்கால் மணி நேரமாவது ஓட்ட வேண்டும். அப்போதுதான் சூட்டில் பிசுக்கு கரையும்.

அப்பாவை ஒர்க்‌ஷாப்பில் மின்விசிறிக்கடியில் உட்காரவைத்துவிட்டு நான் ஓட்டினேன். ஸ்ரீதரன் இடது பக்கம் உட்கார்ந்தார். அடையாறு தாண்டி, திருவான்மியூர் தாண்டி, நீலாங்கரை வரை போனோம். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திரும்பும்போதுதான், "இந்த சீட்ல உக்காந்து ஒரு வருஷமாச்சு," என்றார். "அவ ஓட்டுவா. நான் இங்க உக்காந்துண்டு பேப்பர் திருத்துவேன்."

திருவான்மியூர் சிக்னலில் நின்றோம். ஸ்டியரிங்கில் நடுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. "கை வெச்சுப் பாருங்க சார்," என்றேன். அவர் டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும் வரை கையை எடுக்கவில்லை.

"உங்களுக்கு இதுல என்னெல்லாம் தெரியறது?" என்று கேட்டார்.

அந்த மாதிரி என்னை யாரும் கேட்டதில்லை. ஒர்க்‌ஷாப் வரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன்.

வண்டி இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு மீண்டும் வந்தது. இந்த முறை நடுக்கம் லேசு. த்ராட்டிலில் கரி இருந்தது, துடைத்தேன். அதுவும் நியாயமான வேலைதான். ஓட்டிப் பார்க்கப் போனபோது அவரும் வந்தார். மாணவர்களைப் பற்றிச் சொன்னார். நான் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னேன். அடுத்த முறை மறக்காமல் அம்மாவுக்கு ஒரு தைலம் வாங்கி வந்தார்.

அந்த அடுத்த முறையில்தான் நான் தவறினேன்.

"ஒரு விசித்திரம் பாருங்கோ," என்றார் அன்று. "காலம்பர ஸ்டார்ட் பண்ணினா ரொம்ப உதறறது. லஸ் கார்னர் தாண்டினா தானா சரியாயிடறது. இங்க வரச்சே ஒண்ணுமே இருக்கிறதில்ல."

இன்ஜெக்டர் அடைப்பு நேரம் பார்த்து வராது. ஆறியிருக்கும்போது உதறி, சூடானதும் அடங்கினால், காற்று எங்கேயோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று அர்த்தம். இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் பெரிய குழாயும் இன்ஜினும் சேரும் இடத்தில் ரப்பர் கேஸ்கெட் ஒன்று உண்டு. முதலில் வந்த அன்று அது சரியாக இருந்தது. நாள்பட்ட ரப்பர், பிறகு சுருங்கியிருக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது இடைவெளி விடும், சூட்டில் உப்பி மூடிக்கொள்ளும். அதைப் பார்க்க வழி ஒன்றுதான். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுப்போகச் சொல்லி, மறுநாள் காலை ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அந்த மூட்டில் தண்ணீர் தெளிக்க வேண்டும். பாய் அதற்காகவே சலூனில் முடி நனைக்கிற தண்ணீர் பாட்டில் ஒன்று வைத்திருந்தார். தண்ணீர் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான்.

இதெல்லாம் எனக்கு அந்த நிமிஷமே தெரியும். "வண்டிய விட்டுட்டுப் போங்க சார்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் மறுநாள் சரியாகியிருக்கும். சரியாகிவிட்டால் அடுத்த சர்வீஸுக்கு ஆறு மாதம்.

"இன்னொரு பாட்டில் ஊத்திப் பார்ப்போம் சார்," என்றேன். "ஒரு ரவுண்டு ஓட்டணும். வர்றீங்களா?"

"வரேனே," என்றார்.

அப்படி இன்னும் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் வண்டி சூடாக வந்தது, சூடாகவே திரும்பிப் போனது. ஐடில் சீராக இருக்கிறது என்று நான் காட்டினேன், அவர் டேஷ்போர்டில் கை வைத்து ஒப்புக்கொண்டார். ஜாப் கார்டில் 'இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றியது, ஓட்டிப் பார்த்தது, ஐடில் சரி' என்று எழுதினேன். எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. பார்க்காமல் விட்டதை எழுதவில்லை. அந்த வாரங்களில் காலையில் நங்கநல்லூரிலிருந்து பஸ் ஏறும்போதே, இன்று அந்த வண்டி வருமா என்று நினைப்பேன். நடுங்கி வரட்டும் என்று ஒரு மெக்கானிக் நினைக்கலாமா? நினைத்தேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு காலை ஆறரை மணிக்கு, டயாலிசிஸுக்குப் போகிற வழியில், அடையாறு பாலம் ஏறும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. ரப்பர் இன்னும் சுருங்கியிருக்க வேண்டும், அந்த மழைக் குளிரில் மயிலாப்பூரிலிருந்து அதுவரை வந்ததில் அதை மூடுமளவுக்கு இன்ஜின் சூடேறவில்லை. அவர் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்ததில் பேட்டரியும் இறங்கிவிட்டது. கொட்டுகிற மழை, பின்னால் ஹாரன், ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. அப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாலத்தோரம் நனைந்தபடி முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது அவர்களுக்கான நேரம் கடந்து வேறொருவர் அந்தப் படுக்கையில் இருந்தார். சாயந்திரத்துக்குள் பெரியவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, அவசரப் பிரிவில் சேர்த்தார்கள்.

இதெல்லாம் மறுநாள் அவர் சொல்லித்தான் தெரியும். கட்டி இழுத்து வந்த வண்டி எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவர் ஆட்டோவில் வந்தார். சவரம் செய்யாத முகம். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"உங்களைச் சொல்லிக் குத்தமில்ல," என்றார். "நீங்க எவ்வளவோ பார்த்தேள். வண்டிக்கே வயசாயிடுத்து போல."

"அப்பா எப்படி இருக்காரு சார்?"

"ஆக்சிஜன் வெச்சிருக்கா. நாளைக்குத்தான் சொல்ல முடியும்ங்கறா." சாவியை மேஜையில் வைத்தார். "நான் போகணும்."

அவர் போனதும் இப்ராஹிம் பாய் அந்த வண்டியின் ஜாப் கார்டுகளை எடுத்து வரச் சொன்னார். மேஜையில் வரிசையாகப் பரப்பினார். பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே படித்தார். கடைசி மூன்று கார்டுகளில் நிறுத்தினார்.

"ஆறின வண்டில தண்ணி அடிச்சுப் பாத்தியாம்மா?"

"இல்ல பாய்."

"தோணலையா?"

நான் கார்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே நின்ற வெள்ளை வண்டியின் இடது பக்கக் கதவைப் பார்த்தார். நாங்கள் சேர்ந்து ஓட்டிப் பார்க்கப் போனதெல்லாம் அவர் கண் முன்னால்தான். அவருக்குப் புரிந்துவிட்டது. கார்டுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டார்.

"நாளைக்கு காலைல ஏழு மணிக்கு வா. நானும் வரேன்."

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் இருவர் மட்டும். புது பேட்டரி மாட்டி, ஆறிக் கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். தூக்கிப் போடுகிற மாதிரி உதறியது. பாய் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். முதல் மூட்டில் தெளித்தேன், மாற்றமில்லை. இரண்டாவதில் தெளித்ததும் சத்தம் ஒரு கணம் தெளிந்து, தண்ணீர் காய்ந்ததும் மீண்டும் உதறியது. இன்னொரு முறை தெளித்தேன். மீண்டும் தெளிந்தது. பத்து வினாடி வேலை.

பாய் இன்ஜினை அணைத்தார். "இத பாரு கஸ்தூரிம்மா," என்றார். "எந்த வண்டிலயாச்சும் உன் மேலயே உனக்கு சந்தேகம் வந்துச்சுன்னா அத்த என் கைல குடுத்துடு. ஏன்னு நான் கேக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை அந்த விஷயத்தை எடுக்கவே இல்லை. கார்டில் நடந்ததை நானே எழுதினேன். பார்க்காமல் விட்டதையும், எந்த நாள்களில் விட்டேன் என்பதையும்.

கேஸ்கெட் மாற்றியபிறகு வண்டி நின்றால் இன்ஜின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு அமைதி. நான்காம் நாள் ஸ்ரீதரன் எடுக்க வந்தார். அப்பா பிழைத்துக்கொண்டார், முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்தார் என்றார். நான் பழைய கேஸ்கெட்டை ஒரு துணியில் வைத்துக் காட்டினேன்.

"சார், இது புதுசா வந்த கோளாறு இல்ல. லஸ் தாண்டினா சரியாயிடுதுன்னு சொன்னீங்களே, அன்னைக்கே எனக்குத் தெரியும். ஒரு நாள் நிறுத்தி வெச்சுப் பார்த்திருந்தா கண்டுபிடிச்சிருப்பேன். பார்க்கல."

"மறந்துட்டேளா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் அதற்காகத்தான் கேட்டார் என்றுகூட எனக்குத் தோன்றியது.

"மறக்கல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அன்று எனக்கு அந்தத் துணிவு இருந்தது. அவர் கார்டில் நான் எழுதியதைப் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

"அப்பா உங்களைக் கேட்டார்," என்றார். "வண்டி டாக்டர் என்ன சொல்றாள்னு."

வண்டியிடம் போனார். பழக்கத்தில் இடது பக்கக் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். பிறகு சுற்றிக்கொண்டு வந்து ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து, தானே ஓட்டிக்கொண்டு போனார்.

ஆறு மாதம் கழித்து வண்டி சர்வீஸுக்கு வந்தது. ஓட்டி வந்தது மோகன் என்கிற டிரைவர். "கஸ்தூரி மேடம் யாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். "சார் சொல்லிக்கீறாரு, உங்க கைலதான் குடுக்கணுமாம். வேற யாராச்சும் தொட்டா வண்டிய திருப்பி எட்த்துக்கினு வந்துடுன்னாரு."

அப்படியே எட்டு வருஷம். வருஷத்துக்கு இரண்டு முறை மோகன் வருவான். என்னிடம் மட்டும் சாவியைக் கொடுப்பான். அவர் ஒரு முறையும் வரவில்லை. மன்னித்துவிட்டார் என்றால் ஏன் வரவில்லை, மன்னிக்கவில்லை என்றால் ஏன் என்னிடமே அனுப்புகிறார் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பெரியவர் காலமானதுகூட மோகன் சொல்லித்தான் தெரிந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் வரை போனேன். அவர்கள் தெருமுனையில் நின்று பார்த்தேன். வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன, அந்த வெள்ளை வண்டி நின்றிருந்தது. உள்ளே போய் யாரென்று சொல்லிக்கொள்வது? குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.

கடைசியாக வண்டி வந்த அன்று மோகன், "இத்தோட முடிஞ்சுது மேடம்," என்றான். "சார் ரிட்டயர் ஆயிட்டாரு. புனேல தங்கச்சி வூட்டோட போய் கீறப் போறாரு. வண்டிய வேளச்சேரில ஒருத்தரு வாங்கிக்கினாரு. குடுக்கறதுக்கு முன்னால உங்க கைல ஒரு வாட்டி பாத்துட சொன்னாரு."

அன்று வேறு எந்த வண்டியையும் நான் தொடவில்லை. ப்ளக், குழாய்கள், த்ராட்டில், பெல்ட், எல்லாம் பார்த்தேன். குறையென்று ஒன்றும் இல்லை. சாயந்திரம் மோகன் வந்து சாவியை வாங்கிக்கொண்டான்.

"சாருக்கு எதுனா சொல்லணுமா மேடம்?"

"வண்டி நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

"அத்த எப்பவும் நானே சொல்லிடுவேன். அவரு வண்டியப் பத்தி கேக்கவே மாட்டாரு. போனதும் 'கஸ்தூரி எப்படி இருக்காங்க'ன்னுதான் கேப்பாரு. நல்லா கீறாங்க சார்னு சொல்வேன். சரின்னுட்டு உள்ள பூடுவாரு."

"எப்பவுமா?"

"ஒவ்வொரு வாட்டியும்."

"என்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே, மோகன்?"

"நீங்க கேட்டதே இல்லையே மேடம்." அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஜன்னலை இறக்கினான். "இன்னிக்கும் கேப்பாரு. இன்னா சொல்லட்டும்?"

தெருவில் பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைகள் கடந்து போவதற்காக அவன் காத்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது.

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க," என்றேன். "அவரைக் கேட்டேன்னும் சொல்லுங்க."